பைப் வெல்டர் கிடைப்பதில்லை, ஐடிஐ முடித்த பையனுக்கு வேலை இல்லை: எந்த இடத்தில் ஆள் கழிகிறார்?

மாத்தூர் பட்டறை:
திருச்சியைச் சுற்றி துவாக்குடி, மாத்தூர், மண்டையூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை கேட்டுகளில் ‘வெல்டர் தேவை’ தட்டி கழற்றப்படுவதே இல்லை. அதே கேட்டுக்கு வெளியே ஐடிஐ சான்றிதழோடு பையன்கள் நிற்கிறார்கள். நாடு முழுக்க இதே கதைதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) 2024 இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை 2022 நிலவரமாகத் தரும் கணக்கு: பட்டம் பெற்ற இளைஞர்களில் வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் 3.4. மொத்தமாகப் பேசினால் ‘பாடத்திட்டம் சரியில்லை’ என்று சொல்லி எழுந்து போய்விடுவோம். அதனால் இந்தத் திரியில் ஒரே ஒரு தொழில், பைப் வெல்டிங். கண்ணில் பட்டதை அளவோடு எழுதுங்கள். சுயசரிதை வேண்டாம்.

ரூட்பாஸ்:
வேலைக்கு எடுக்குமுன் வைக்கும் வெல்டிங் டெஸ்டில் தேறமாட்டார் என்பது டாக் (இரண்டு பைப்பையும் சேர்த்து நிறுத்தும் சின்ன வெல்டு) அடிக்கும்போதே பாதி தெரிந்துவிடும். வழக்கமான 6ஜி (சாய்ந்த பைப்) டெஸ்டின் கூப்பன், அதாவது சோதனைத் துண்டு: 6 அங்குலம், ஷெட்யூல் 80 (சுவர்த் தடிமன் வகை), சுவர் 10.97 மி.மீ. 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டியிருக்கும். பெவல் (விளிம்புச் சரிவு) பக்கத்துக்கு 30 முதல் 35 டிகிரி, ரூட் ஃபேஸ் (சரிக்காமல் விடும் விளிம்பு) 1 முதல் 1.5 மி.மீ, கேப் (இடைவெளி) 2.5 முதல் 3. ரூட்டுக்கு, அதாவது அடியில் போடும் முதல் அடுக்குக்கு, டிக் (ஆர்கான் வாயுவில் அடிக்கும் முறை); மேலே ஆர்க் முறையில் இ7018 ராடு.

நாலு டாக், ஒவ்வொன்றும் 15–20 மி.மீ. இரண்டு முனையையும் கிரைண்டரில் சரிவாகத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் விட்டால் ரூட் ஓடி வந்து டாக்கில் முட்டும் இடம் உருகாமல் நின்றுவிடும். மேசைமேல் தட்டையாகப் பிளேட் வைத்துப் பழகியவருக்கு இந்தப் பழக்கம் இருக்காது.

அதைத் தாண்டினால் 6 மணி இடம், அதாவது பைப்பின் அடிவயிறு. அங்கே உருகிய இரும்பு கீழே, வெல்டர் பக்கமாகத் தொங்கும். பைப்புக்குள்ளே ரூட் குழிந்துவிடும். ஊடுருவல் போதவில்லை என்று நினைத்துப் பையன் கரண்டைக் கூட்டுவான். குழி இன்னும் ஆழமாகும். அங்கே செய்ய வேண்டியது சூட்டைக் குறைத்து, ஃபில்லர் கம்பியைக் கேப்புக்குள் தள்ளிக் கொடுப்பது. இது சொல்லி வராது, நாற்பது ஐம்பது ஜாயிண்ட் அடித்தால்தான் கைக்கு வரும்.

பெண்ட் டெஸ்டுக்கு (வெல்டை வளைத்துப் பார்ப்பது) 4 துண்டு: ரூட் பக்கம் விரிய 2, ஃபேஸ் (மேல்) பக்கம் விரிய 2. வளைத்த பரப்பில் 3 மி.மீக்கு மேல் வாய் பிளந்தால் ஃபெயில்.

பழைய இன்ஸ்ட்ரக்டர்:
நாற்பது ஐம்பது ஜாயிண்ட் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். இரும்புக் கணக்கைப் போடுங்கள். 6 அங்குல ஷெட்யூல் 80 பைப் மீட்டருக்கு 42.56 கிலோ. 150 மி.மீ துண்டு இரண்டு சேர்ந்தால் ஒரு கூப்பன், கிட்டத்தட்ட 12.8 கிலோ. ஒரு பையனுக்கு 40 கூப்பன் என்றால் அரை டன்னுக்கு மேல். ராடு, ஆர்கான், கிரைண்டிங் வீல் எல்லாம் தனி. எந்த ஐடிஐயில் இதற்கு நிதி ஒதுக்குகிறார்கள்? வெல்டர் டிரேட் ஒரு வருடப் படிப்பு, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் சேரலாம். அந்த ஒரு வருடத்துக்குள் கேஸ், ஆர்க், சிஓ2, டிக் என்று வெல்டிங் முறை எல்லாம் தொட்டாக வேண்டும். தொட்டுப் பார்க்கத்தான் நேரம் இருக்கும்.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. அடித்த ஜாயிண்டைத் தூக்கிப் போடாமல், வெல்ட் பட்டையை மட்டும் வெட்டி எடுத்து மறுபடி பெவல் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் 30 மி.மீ போல நீளம் குறையும், அவ்வளவுதான். அதைவிட நல்லது 2 அங்குல ஷெட்யூல் 80. சுவர் 5.54 மி.மீ, மீட்டருக்கு 7.48 கிலோ, 200 மி.மீ கூப்பன் 1.5 கிலோதான். வளைவு சீக்கிரம் திரும்புவதால் டார்ச் கோணத்தை நொடிக்கு நொடி மாற்ற வேண்டும். இதில் பழகிய கைக்கு 6 அங்குலம் எளிது. 6 அங்குலத்தில் மட்டும் பழகியவர் 2 அங்குலத்தில் திணறுவார்.

சான்றிதழிலும் லாபம் உண்டு. வெல்டர் தகுதிக்கான அமெரிக்க விதிநூல் ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9 கணக்கில் 2 அங்குல பைப்பில் தேறினால் வெளிவிட்டம் 25 மி.மீயிலிருந்து மேலே எல்லாம் அடிக்கலாம். 6 அங்குலத்தில் தேறினால் 73 மி.மீயிலிருந்துதான்.

துவாக்குடி க்யூசி:
சார் சொன்னது சரி, ஒரு சேர்க்கை மட்டும். விட்டம் விரிந்தாலும் தடிமன் சுருங்கும். போட்ட வெல்டின் தடிமனைப் போல இரண்டு மடங்குதான் தகுதி, 5.54க்கு 11 மி.மீ. அதுவும் டிக் தனி, ஆர்க் தனி. ரூட்டை டிக்கில் 3 மி.மீ போட்டிருந்தால் டிக்குக்கு 6 மி.மீதான். தடிமன் வரம்பே வேண்டாம் என்றால் அந்த முறையில் 13 மி.மீயாவது, குறைந்தது மூன்று அடுக்காக ஏறியிருக்க வேண்டும். அதனால்தான் பெரிய வேலைக்கு ஷெட்யூல் 160, 18.26 மி.மீ சுவர் கொடுக்கிறார்கள்.

இங்கே ‘6ஜி பாஸ்’ என்று பயோடேட்டாவில் போட்டுக்கொண்டு வருபவரில் எத்தனை பேருக்குத் தன் பேப்பரில் என்ன வரம்பு எழுதியிருக்கிறது என்று தெரியும்? ஆள் எடுப்பவருக்கும் தெரியாது. பாய்லர் வேலை என்றால் ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிகள்) சான்றிதழ் வேறு தனியாக வேண்டும்.

இன்னொன்று, யாரும் பேசாதது. செக்‌ஷன் 9 தகுதி வெல்டரின் சொத்து இல்லை. டெஸ்ட் வைத்த கம்பெனியின் பொறுப்பில் இருப்பது. பட்டறை மாறினால் பொதுவாகத் திரும்ப டெஸ்ட். ஐந்து கம்பெனி பேப்பர் கையில் இருந்தாலும் ஆறாவது கேட்டில் முதலிலிருந்துதான். ஐரோப்பிய வேலைகளில் வரும் ஐஎஸ்ஓ 9606 சான்றிதழ் வெல்டரோடு போகும், இது போகாது.

கான்ட்ராக்ட் தம்பி:
அண்ணே, ஆறு மாசம் சும்மா இருந்தால் எல்லாம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பராமரிக்கும்) வேலை முடிந்தால் அடுத்ததுக்கு நாலு மாசம், ஏழு மாசம் ஆகிறது.

துவாக்குடி க்யூசி:
தம்பி, அந்த வெல்டிங் முறையில் 6 மாதம் கையே வைக்கவில்லை என்றால் காலாவதி, உண்மை. ஆனால் புதுப்பிக்க மறுபடி 6ஜி அடிக்கத் தேவையில்லை. அதே முறையில் ஒரே ஒரு கூப்பன்: பிளேட்டோ பைப்போ, எந்தத் தடிமனோ, எந்த நிலையோ. அது தேறினால் அந்த முறையில் அந்தக் கம்பெனியில் முன்பு இருந்த தகுதி எல்லாம் உயிர் பெறும். ஆர்க் அடித்துக்கொண்டே இருந்தால் ஆர்க் மட்டும்தான் நிற்கும், டிக் போய்விடும் என்பதை மறக்காதே. பட்டறையில் கன்டினியூட்டி லாக் என்று ஒரு பதிவேடு இருக்கும். மாதாமாதம் உன் பெயருக்கு நேரே டிக், ஆர்க் இரண்டும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். அது எழுதாமல் கிடந்து, நல்ல கையெல்லாம் ஆடிட்டில் ‘தகுதி இல்லை’ ஆவது சர்வ சாதாரணம்.

ஆள் எடுப்பவர்:
விளம்பரத்தில் ‘வெல்டர், 2 வருட அனுபவம்’ என்று போட்டால் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் மெல்லிய தகட்டில் சிஓ2 ஃபில்லெட் (மூலை வெல்டு) போட்டவரும் வருவார், கேட், கிரில் அடிப்பவரும் வருவார். இருவரும் பொய் சொல்லவில்லை. எழுத வேண்டியது இப்படி: ‘டிக் ரூட் + ஆர்க், கார்பன் ஸ்டீல், 6ஜி, டெஸ்ட் கூப்பன் 2 அங்குலம் ஷெட்யூல் 80, பெண்ட் டெஸ்ட், டெஸ்ட் செலவு கம்பெனியுடையது.’ கடைசி வரி இல்லாவிட்டால் நல்ல ஆள் வரமாட்டார்.

அப்ரென்டிஸ் கதைக்கு வருகிறேன். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து, 2.5 முதல் 15 சதவீதம் அப்ரென்டிஸ் எடுத்தாக வேண்டும். 2019 விதி ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000. அதில் 25 சதவீதம், 1,500க்கு மிகாமல், என்ஏபிஎஸ் என்ற தேசிய அப்ரென்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு தருகிறது. பேப்பரில் அருமை. நடப்பது: பையன் கையில் கிரைண்டர், வருடம் முழுக்க ஸ்லாக் (வெல்டின்மேல் படியும் கசடு) தட்டி பஃபிங். முதலாளியின் கணக்கும் புரிகிறது. அரை டன் பைப்பைக் கொடுத்து அவனைத் தேற்றினால், தேறிய மறுமாதம் பக்கத்துப் பட்டறை கொஞ்சம் கூட்டிக் கொடுத்து இழுக்கும், அல்லது வளைகுடா டிரேட் டெஸ்டில் போய் நிற்பான். (ஏஜென்ட் வாங்கக்கூடிய சட்டப்படியான கட்டண உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.) எல்லாரும் தேறிய ஆளையே தேடுகிறார்கள், தேற்ற ஒருவரும் இல்லை. இதற்குப் பெயர் திறன் பற்றாக்குறை என்கிறார்கள். பாதி கஞ்சத்தனம்.

லெவல் டூ:
எதிர்ப்பக்கத்தில் நெரிசல். மெக்கானிக்கல் பட்டம் வாங்கிவிட்டு ஹோல்டரைப் பிடிக்க மாட்டேன் என்று என்டிடி (வெல்டை உடைக்காமல் சோதிப்பது) கோர்ஸுக்குப் பணம் கட்டுபவர்கள் ஏராளம். என்டிடி ஆட்களுக்கான எஸ்என்டி-டிசி-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டு முறையில் சான்றளிக்க வேண்டியது வேலை தருபவர், கோர்ஸ் நடத்தியவர் இல்லை. அல்ட்ராசானிக் லெவல் 2க்கு வகுப்பு போக 630 மணி நேரக் கள அனுபவமும் காட்ட வேண்டும். வகுப்பு முடித்த கையோடு கொடுத்த அட்டையை ஆடிட்டர் ஓரமாக வைத்துவிடுவார்.

ரூட்பாஸ்:
டெஸ்ட் வைக்கும் பட்டறைகளுக்கும் ஒன்று. இ7018 ராடை 260 டிகிரிக்குக் குறையாமல் 2 மணி நேரம் சுட்டு, பிறகு 120க்குக் கீழே போகாத அடுப்பில் வையுங்கள். வெளியே எடுத்தால் 4 மணி நேரம்தான். திறந்த பாக்கெட்டிலிருந்து ஈர ராடைக் கொடுத்துவிட்டு, டிக் அடிக்கும் இடத்தில் ஃபேனையும் ஓடவிட்டு, வெல்ட் முழுக்க ஊசித்துளை என்று பையனைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஆர்கான் நிமிடத்துக்கு 8–12 லிட்டர் போதும், ஆனால் அந்த ஃபேனை நிறுத்துங்கள்.