இளவயதில் தொடங்கிய இரத்தக் கொதிப்பு சிகிச்சையின் பலன் நிலைக்குமா?

கேள்வி (கடலூர் முதுநகர்)
முப்பத்து நான்கு வயதான என் தம்பிக்கு இரத்த அழுத்தம் தொடர்ந்து 150/96 அளவில் இருந்ததால், மருத்துவர் டெல்மிசார்டன் மாத்திரையைத் தொடங்கினார். இப்போது 124/80. சரியாகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு என்று கேட்கிறான். எங்கள் தந்தைக்கு இதயத் தசை தடித்திருப்பது பல ஆண்டுகள் கழித்து எக்கோ எடுத்தபோதுதான் தெரிந்தது. சீக்கிரமே தொடங்கும் சிகிச்சை இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் நிலையான நன்மை தருமா? தருமென்றால், சில ஆண்டுகளில் நிறுத்திவிடலாமா?

பதில் 1 (புதுச்சேரி, ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்)
நன்மை ஓரளவு நிலைக்கும். அதை நம்பி நிறுத்தக் கூடாது. அழுத்தம் உயர்ந்தே இருந்தால் சிறு தமனிகளின் சுவர் தடித்து உள்வழி குறுகும். அவ்வழியே இரத்தத்தைத் தள்ள மேலும் அழுத்தம் வேண்டியிருப்பதால், இதயத்தின் இடது கீழறைத் தசையும் தடிக்கும். இந்தச் சுழல் முற்றுமுன் தடுப்பதே சீக்கிரச் சிகிச்சையின் பயன். பிறவியிலேயே அழுத்தம் உயரும் எலி இனம் ஒன்று 1963-இல் கியோட்டோவில் அறிமுகமானது. அவற்றின் குட்டிப் பருவத்தில் ஏ.சி.ஈ. தடுப்பு மருந்தை (இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருள் உடலில் உருவாவதைக் குறைக்கும் மருந்து) சில வாரங்கள் கொடுத்து நிறுத்திய பின்னரும், மருந்தே பெறாத எலிகளைவிட அழுத்தம் குறைவாக இருந்தது.

மனிதரில் பலன் அந்த அளவுக்கு நிற்கவில்லை. 2006-இல் வெளியான டிராஃபி ஆய்வில், உயர் அழுத்தத்தின் விளிம்பில் இருந்தோர் டெல்மிசார்டன் வகையைச் சேர்ந்த கேண்டிசார்டனை இரண்டு ஆண்டுகள் எடுத்தபோது 13.6 சதவீதத்தினருக்கே நோய் வந்தது; வெற்று மாத்திரை எடுத்தோரில் 40.4 சதவீதம். மருந்தை நிறுத்தி மேலும் இரண்டு ஆண்டுகள் சென்றபின் அவை 53.2, 63 சதவீதங்களாயின. இடைவெளி மறையவில்லை, ஆனால் வெகுவாகச் சுருங்கிவிட்டது. தங்கள் தம்பியோ விளிம்பைத் தாண்டியவர். அந்த 124/80 மாத்திரையோடு கிடைத்த அளவு.

பதில் 2 (கடலூர், செவிலியர்)
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தந்தைக்கும் காலம் கடந்துவிடவில்லை. 2002-இல் வெளியான லைஃப் ஆய்வில், தடித்த இதயத் தசை உடையவர்களுக்கு, டெல்மிசார்டன் வகையைச் சேர்ந்த லோசார்டன் அந்தத் தடிப்பை அட்டெனலால் என்ற வேறு வகை அழுத்த மருந்தைவிடக் கூடுதலாகக் குறைத்தது; பக்கவாதமும் குறைந்தது. அறுபது வயதைக் கடந்தோரிடம் நடந்த ஷெப் என்ற இரத்த அழுத்தச் சிகிச்சை ஆய்வைப் பல ஆண்டுகள் கழித்துக் கணக்கிட்டபோது, இதய, இரத்தக் குழாய் நோயால் இறக்காமல் வாழும் காலம் ஒரு மாதச் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஒரு நாள் கூடியிருந்தது.

பதில் 3 (புதுச்சேரி)
கருவாடும் ஊறுகாயும் தினசரி உணவாக இருந்தால் முதலில் அவற்றைக் குறையுங்கள். பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பை மட்டும் மருத்துவரைக் கேளாமல் வாங்க வேண்டாம். டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியது என்பதால், சிறுநீரக இயக்கத்தைக் காட்டும் கிரியாட்டினினோடு பொட்டாசியத்தையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள்.