யோ-யோவில் துணிச்சாயம் நிற்கவில்லை, உதவி தேவை

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். பாடசாலையில் இல்ல விளையாட்டுப்போட்டி வருகிறது. அக்காவின் மகன் சிவப்பு இல்லம், மகள் நீல இல்லம். இருவரும் தங்கள் இல்ல நிறத்தில் யோ-யோ வேண்டும் என்று நிற்கிறார்கள். கடையில் வெள்ளை மட்டுமே இருந்தது. இரு வேறு வகையில் ஒவ்வொன்று வாங்கினேன். பருத்தித்துணிக்கான சாயப்பொட்டலங்களை வாங்கி, அம்மா பனையோலைக்குச் சாயம் காய்ச்சுவது போலவே விறகடுப்பில் கொதிக்கவைத்தேன். உப்பும் சேர்த்தேன். கிணற்றடியில் கழுவியதும் நிறம் ஓடிவிட்டது. சிவப்பில் போட்டதில் வெளிறிய ரோசா நிறம் திட்டுத்திட்டாக நிற்கிறது. நீலத்தில் போட்டது வெள்ளையாகவே இருக்கிறது. இன்னும் நேரம் கொதிக்கவிடலாமா? வினாகிரி ஊற்றினால் பிடிக்குமா?

பதில் (வவுனியா)

தம்பி, தயவுசெய்து மேலும் கொதிக்கவிட வேண்டாம். யோ-யோ நெளிந்தால் சுழலும்போது ஆடும். பிறகு நேராக்க முடியாது. பருத்திச்சாயம் நாரைப் பற்றிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது, உப்பு அதற்குத்தான் உதவும். பிளாஸ்டிக்கில் அது மேலே படிந்துவிட்டுப் போய்விடும். வினாகிரி நைலோன், கம்பளி, பட்டு போன்றவற்றுக்கான சாயத்துக்கே உதவும்.

உங்களுக்குத் தேவை பொலியெஸ்டர் துணிக்கான சாயம். அதன் துகள்கள் நீரில் பெரும்பாலும் கரைவதில்லை, பரவி நிற்கும். சூட்டில் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு சற்று இளகும்போது உள்ளே நுழைந்து, ஆறியதும் அங்கேயே தங்கிவிடும். பொட்டலத்தில் பொலியெஸ்டர் என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆனால் முதலில் இரண்டையும் கழற்றி, பிளாஸ்டிக் பாதிகளை மட்டும் ஒரு வாளி நீரில் போடுங்கள். மிதந்தால் அது பொலிபுரோப்பிலீன் அல்லது பொலித்தீன் வகை. எந்தத் துணிச்சாயமும் பிடிக்காது. தாழ்ந்தால் ஏபிஎஸ், பொலிகாபனேற்று, நைலோன் போன்ற ஒரு பிளாஸ்டிக்காக இருக்கும், நம்பிக்கை உண்டு.

பதில் (புதுக்குடியிருப்பு)

நீரையும் கவனியுங்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கிணற்று நீரென்றால் அது வன்னீர். சாயத்துகள் அதில் கட்டிபட்டுத் திட்டுத் திட்டாய் ஒட்டும். பீப்பாவில் பிடித்த மழைநீர் இருந்தால் அதையே எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டால் துகள் சீராகப் பரவும். அசிற்றோன் ஊற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அடுப்பருகே அது தீப்பற்றும், பொலிகாபனேற்றில் விரிசலும் விழவைக்கும். வேண்டவே வேண்டாம்.

கேட்டவர்

மிகவும் நன்றி. சிவப்பில் போட்டது தாழ்ந்தது. நீலத்தில் போட்டது மிதக்கிறது! தாழ்ந்ததை விறகடுப்பில் எப்படிச் செய்வது?

பதில் (வவுனியா)

பெயாரிங், அச்சு, உள்ளேயுள்ள றப்பர் வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பாதிகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள், கை எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் ஏறாது. இனிச் சமைக்கப் பயன்படுத்தாத பழைய சருவத்தில் நீரைக் கொதிக்கவைத்துச் சாயத்தைக் கலக்குங்கள். பிறகு கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் வையுங்கள். ஏபிஎஸ் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸைத் தாண்டியதும் முழுதாக இளகி வடிவம் மாறும். 80 முதல் 90 வரை போதும், ஆவி எழ வேண்டும், குமிழி பொங்கக்கூடாது. இரு பாதிகளையும் கம்பியில் கட்டி, குறுக்கே வைத்த தடியிலிருந்து ஒன்றாகத் தொங்கவிடுங்கள். அடியைத் தொட்டால் அந்த இடம் உருகும். தனித்தனியாகப் போட்டால் நிறம் ஒத்துவராது. பத்து நிமிடத்தில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், அரைமணி வரை விடலாம். எடுத்ததும் குளிர்நீரில் போடாமல் தானாக ஆறவிடுங்கள். பிள்ளைகளை அடுப்படிக்கு விட வேண்டாம், தூளைக் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

பதில் (புதுக்குடியிருப்பு)

மிதந்த யோ-யோவின் கயிறு பருத்தியா என்று பாருங்கள். பருத்தி என்றால் கையிலிருக்கும் நீலச்சாயம் அதற்கு நன்றாகவே பிடிக்கும். உப்பைச் சேர்த்துக் காய்ச்சி, நீர் தெளியும்வரை அலசி, இழுத்துக் கட்டி நிழலில் காயவிடுங்கள். மகளுக்கு வெள்ளை யோ-யோவில் நீலக் கயிறு.

கேட்டவர்

கயிறு பருத்திதான். இன்று மாலை அதைச் செய்கிறேன். சிவப்புக்குப் பொலியெஸ்டர் சாயம் தேடுகிறேன்.