கலிவரின் மூக்கில் புகையிலை: ஸ்விஃப்ட் எழுதியது அங்கதமா, வெறும் வெறுப்பா?

கீழ்வீதி:
அயர்லாந்துப் பாதிரியார் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய கலிவரின் பயணங்களை முழுசாகப் போன வாரம்தான் படித்து முடித்தேன். பள்ளியில் படித்தது சுருக்கப் பதிப்பு, குட்டி மனிதர்கள் கயிறு போட்டுக் கட்டும் படத்தோடு சரி. நான்காம் பாகம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அதில் ஹூயினம் என்ற குதிரைகள் பொய்க்கு ஒரு சொல்கூட இல்லாத மொழி பேசிக்கொண்டு அறிவோடு வாழ்கின்றன, மனித உருவம் கொண்ட யாஹூக்கள் மலத்தை வீசிக்கொண்டு பளபளக்கும் கல்லுக்காக அடித்துக்கொண்டு கிடக்கின்றன. கடைசியில் கலிவர் வீடு திரும்பி, மனைவி பிள்ளைகளின் வாடை தாங்காமல் மூக்கில் புகையிலையை அடைத்துக்கொள்கிறான், இரண்டு குதிரைகளை வாங்கி அவற்றோடு தினமும் நான்கு மணி நேரம் பேசுகிறான். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் கால அங்கதத்தின், அதாவது நையாண்டி எழுத்தின், உச்சம், சமூக விமர்சனம் என்றெல்லாம் இதைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ ஒரு பாதிரியார் பிரசங்க மேடையில் ஏறி ஊரையே ஏசியது போலத்தான் இருந்தது. ஒரு சட்டம் தப்பு, ஒரு வழக்கம் தப்பு என்றால் மாற்றலாம். மனுஷனாகப் பிறந்ததே தப்பு என்றால் என்ன செய்வது?

மண்குதிரை77:
கீழ்வீதி அண்ணா, கலிவர் சொன்னதையெல்லாம் ஸ்விஃப்ட் தலையில் கட்டுகிறீர்களே. பெத்ரோ தெ மெந்தெஸ் என்ற போர்த்துகீசியக் கப்பல் தலைவன் வருகிறானே, அவனை எப்படித் தாண்டினீர்கள்? கரையில் ஒளிந்துகிடந்தவனைக் கப்பலில் ஏற்றி, தன் துணியைக் கொடுத்து, லிஸ்பனில் தன் வீட்டிலேயே தங்கவைத்து, ஊருக்கு அனுப்பிவைக்கிறான். புத்தகத்திலேயே நல்ல மனுஷன் அவன்தான். அவன் வாடையிலும் மயக்கம் வருகிறது என்கிறான் கலிவர். மனிதர்கள் எல்லோரும் யாஹூக்கள் என்பதுதான் ஸ்விஃப்டின் கட்சி என்றால், இப்படி ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் அந்த உத்தமக் குதிரைகள் சபை கூட்டி எதை விவாதிக்கின்றன? யாஹூக்களைப் பூண்டோடு ஒழிக்கலாமா என்பதை! கலிவர் கிளம்பும்போது படகுக்குப் போர்த்தியது யாஹூத் தோல், இடுக்கை அடைத்தது யாஹூக் கொழுப்பு. கூசாமல் இதைச் சொல்கிறவன் பேச்சை நம்பச் சொல்லியா ஸ்விஃப்ட் எழுதினார்?

கீழ்வீதி:
சரி, கலிவரை விடுவோம். 1725 செப்டம்பரில் கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்குத் தன் கையாலேயே எழுதிய கடிதத்தில் ‘மனிதன் என்னும் அந்த விலங்கை வெறுக்கிறேன்’ என்று சொல்கிறாரே. அதுவும் கதாபாத்திரமா?

மண்குதிரை77:
அதே வரியை முழுக்கப் படியுங்கள். மொத்தமாக அந்த விலங்கைப் பிடிக்காது, ஆனால் ஜான், பீட்டர், தாமஸ் என்று ஆளாளாக வந்தால் மனதார நேசிக்கிறேன் என்கிறார். மனிதன் பகுத்தறிவுள்ள விலங்கு அல்ல, பகுத்தறிவுக்குத் தகுதி மட்டும் உள்ள விலங்கு என்பதும் அந்தக் கடிதத்தில்தான். அந்தத் தகுதியும் இல்லை என்று நினைப்பவர் எதற்குப் பேனாவை எடுக்கப்போகிறார்?

பிட்டும்பைட்டும்:
நடுவில் ஒரு உபரித் தகவல். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்ற சண்டையில் லில்லிபுட் என்ற குட்டி மனிதர்கள் நாட்டில் 11,000 பேர் செத்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? கணினியில் பைட்டுகளை எந்த முனையிலிருந்து அடுக்குவது என்று எங்கள் ஆட்கள் அடித்துக்கொண்டபோது, டேனி கோஹன் 1980இல் அந்த முட்டைக் கட்சிக்காரர்களின் பெயரைத்தான் எடுத்து ‘எண்டியன்’ என்று வைத்தார். மூன்றாம் பாகத்தில் கலிவர் 1707 ஏப்ரலில் நம்ம புனித ஜார்ஜ் கோட்டையில் இறங்கி, மாலுமிகளுக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று வாரம் தங்குகிறான். சென்னையைப் பற்றி ஒரு வரி திட்டவில்லை. வெயில் பற்றிக்கூட!

சர்க்கரைப்பாகு:
நான் பாதி கீழ்வீதி பக்கம். அங்கதம் என்றால் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் மாதிரி குறி வைத்து அடிக்க வேண்டும். 1759இல் வந்த அவருடைய கான்டீட் கதையில் தென் அமெரிக்காவின் சுரினாம் பக்கம் போனால், வழியில் ஒரு அடிமை கிடக்கிறான். சர்க்கரை ஆலையில் விரல் மாட்டினால் கையை வெட்டுவார்கள், ஓடப் பார்த்தால் காலை வெட்டுவார்கள், எனக்கு இரண்டும் நடந்தது, இந்த விலைக்குத்தான் நீங்கள் ஐரோப்பாவில் சர்க்கரை தின்கிறீர்கள் என்கிறான். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டுமா? 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் பூகம்பத்தில் ஊரே விழுந்தது. கதையில் அடுத்து பூகம்பம் வராமல் இருக்க நாலு பேரைச் சடங்காக எரிக்கலாம் என்று அறிஞர்கள் முடிவு செய்கிறார்கள், அதே நாளில் திரும்ப பூமி ஆடுகிறது. யார் மேல் அடி விழுகிறது என்று வாசகனுக்குத் தெரியும். அப்புறம் துலூஸ் நகரத்தில் ஜான் கலாஸ் என்ற புராட்டஸ்டன்ட் வியாபாரியை 1762இல் பொய்க் குற்றத்துக்குச் சக்கரத்தில் கட்டிக் கொன்றபோது, மூன்று வருடம் விடாமல் போராடி அவர் நிரபராதி என்று அறிவிக்க வைத்தவரும் வால்டேர்தான்.

கீழ்வீதி:
அக்கா, வால்டேரை ரொம்பவும் உயர்த்த வேண்டாம். அதே கான்டீட்டில் யூத வியாபாரியை அவர் வரைந்திருக்கும் லட்சணத்தைப் பாருங்கள். ஆனால் கலாஸ் விஷயத்தில் நீங்கள் என் கட்சிக்குத்தான் பேசினீர்கள். அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது நையாண்டியால் இல்லை, நேரடியாக எழுதிய கடிதங்களாலும் வழக்கு ஆவணங்களாலும்.

மண்குதிரை77:
குறி வைக்கத் தெரியாதவரா ஸ்விஃப்ட்? 1729இல் அவர் பெயர் போடாமல் வெளியிட்ட ‘ஒரு பணிவான யோசனை’யை எடுங்கள். அயர்லாந்தில் தொடர்ந்து விளைச்சல் பொய்த்திருந்த காலம், நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் பலரும் லண்டனில் உட்கார்ந்து குத்தகைப் பணத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு மேதாவி வந்து நிதானமாகக் கணக்குப் போடுகிறான். நாட்டில் 15 லட்சம் பேர், பிள்ளை பெறும் தம்பதிகள் 2 லட்சம், வசதியுள்ள 30,000 தம்பதிகளைக் கழி, கருவிலோ ஒரு வயதுக்குள்ளோ போகிற 50,000ஐக் கழி, வருடத்துக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள் மிச்சம். இனப்பெருக்கத்துக்கு 20,000 வைத்துக்கொண்டு, மீதி ஒரு லட்சத்தை ஒரு வயதில் கறிக்கு விற்கலாம். விலை 10 ஷில்லிங், வளர்த்த செலவு போக தாய்க்கு 8 ஷில்லிங் லாபம். பெற்றோரை ஏற்கெனவே விழுங்கிவிட்டதால் பிள்ளைகளுக்கும் நிலக்கிழார்களே முதல் உரிமைக்காரர்கள் என்று ஒரு வரி வரும் பாருங்கள், அங்கேதான் கத்தி இறங்குகிறது. மக்களை எண்ணாக மட்டும் பார்த்து நாட்டுக்கு வைத்தியம் சொல்லும் ஒரு மோஸ்தர் அப்போது இருந்தது, வில்லியம் பெட்டி என்ற பொருளியலாளர் அதற்கு ‘அரசியல் எண்கணிதம்’ என்றே பெயர் வைத்திருந்தார். ஸ்விஃப்ட் அதே குரலில், அதே கூட்டல் கழித்தலில் பேசுகிறார். நம் ஆட்களுக்கு வஞ்சப்புகழ்ச்சி தெரியும், ஆனால் இது அதற்கும் ஒரு படி மேலே, எங்கேயும் கண்ணடிப்பதே இல்லை. ஊரில் இல்லாத நிலக்கிழார்களுக்கு வரி போடு, உள்நாட்டுச் சரக்கை வாங்கு என்று அவர் நிஜமாகவே சொல்ல நினைத்த தீர்வுகள் கடைசியில் வரும், ‘இதையெல்லாம் என்னிடம் பேசாதீர்கள்’ என்று தள்ளிவிடப்பட்டு.

கீழ்வீதி:
எழுத்து அபாரம், மறுக்கவில்லை. பலன்? நிலக்கிழார்கள் லண்டனிலேயே இருந்தார்கள், 1740-41இல் அயர்லாந்தில் பெரும் பஞ்சமே வந்தது. புத்தகம் வந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஒரு குறைகூடத் திருந்தவில்லையே என்று கலிவர் தன் உறவினருக்கு எழுதும் கடிதம் ஒன்றைப் பின்னாளில் ஸ்விஃப்டே புத்தகத்தின் முன்னால் சேர்த்தார். அவருக்கே தெரிந்திருக்கிறது. அங்கதம் ஒரு கண்ணாடி, அதில் அவரவர் முகத்தைத் தவிர மற்ற எல்லோர் முகமும் தெரியும் என்று 1704லேயே எழுதியவரும் அவர்தான். ஆனால் 1724இல் துணி வியாபாரி வேஷத்தில் எழுதிய கடிதங்களில், அயர்லாந்துக்குக் காசு அடிக்க அரசு உரிமம் பெற்ற உட் என்பவரின் மதிப்பில்லாத செப்புக் காசை வாங்காதீர்கள் என்று நேராகச் சொன்னார் பாருங்கள், அது ஜெயித்தது. எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு என்று அரசு அறிவித்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அடுத்த வருடம் அந்த உரிமத்தையே திரும்பப் பெற்றார்கள். நேர்ப்பேச்சு ஜெயித்தது, நையாண்டி தோற்றது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மண்குதிரை77:
நேர்ப்பேச்சா? வருடம் 16,000 பவுண்டு வருமானம் உள்ள ஒரு நிலக்கிழார், அரை வருடக் குத்தகையை இந்தக் காசில் கொண்டுவர 200க்கும் மேல் குதிரை வேண்டும், கொட்டிவைக்க நிலவறைகள் வேண்டும் என்று அந்த முதல் கடிதத்திலேயே எழுதுகிறார். டப்ளின் கடைத்தெரு சிரித்தது அதற்குத்தான். கையில் இருக்கும் காசை வாங்க மறுப்பது சாதாரண ஜனங்களால் முடியும், செய்தார்கள். குத்தகையைக் குறைப்பது அவர்கள் கையில் இல்லை. தோற்றது அங்கதம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சர்க்கரைப்பாகு:
இவ்வளவு குதிரை பேசினீர்கள், கலிவர் மனைவியை யாருமே கேட்கவில்லை. திரும்பி வந்து ஐந்து வருடம் ஆனபின் ‘போன வாரம்’ தான் அவளைத் தன்னோடு சாப்பிட உட்கார அனுமதித்தானாம். நீளமான மேசையின் மறுகோடியில். கேட்ட கேள்விக்கு மட்டும், அதுவும் சுருக்கமாகப் பதில் சொல்லலாமாம். கீழ்வீதி, அந்த இடத்தில் ஸ்விஃப்ட் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்?

கீழ்வீதி:
அந்த மேசையை வேகமாகத் தாண்டிவிட்டேன் அக்கா, இப்போதுதான் திரும்ப எடுத்துப் படித்தேன். அவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தம்மா பேர் மேரி. முதல் பாகத்தில் 400 பவுண்டு சீர் கொண்டுவந்தாள் என்பதற்குமேல் அவளைப் பற்றி ஸ்விஃப்டும் அதிகம் சொல்லவில்லை.