லால்பாக் மலர்க் கண்காட்சி நாட்களில் வண்டி நிறுத்தம்: எங்கள் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு – வில்சன் கார்டன், பெங்களூரு

அன்பர்களுக்கு வணக்கம். லால்பாக்கின் பிரதான வாயிலுக்கு நடந்து போகும் தொலைவில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஜனவரியில் குடியரசு நாளை ஒட்டியும் ஆகஸ்டில் சுதந்திர நாளை ஒட்டியும் அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும்போது, விடுமுறை நாட்களில் போக்குவரத்துக் காவலர்களுக்கு உதவும் வார்டனாகச் சாலையில் நிற்பது என் வழக்கம். அடுத்த கண்காட்சிக்குக் காரில் வரத் திட்டமிடும் நண்பர்கள் இங்கே பலர் இருப்பதால், எனக்கு நேர்ந்த ஒன்றை முதலில் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவங்களை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடத்தின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய அந்தத் தோட்டம் இன்று 240 ஏக்கர் பரப்பில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சாலைகளோ மாட்டு வண்டிக் காலத்து ஊரை ஒட்டி வளர்ந்தவை. தோட்டத்தை வளர்த்த கிரும்பிகல், மாரிகவுடா ஆகிய இருவரின் பெயரையும் தாங்கிய சாலைகள் இரண்டு அங்கே உண்டு. கண்காட்சி நாட்களில் வண்டி நிறுத்தத் தடை விதிக்கப்படும் சாலைகளின் பட்டியலில் அவ்விரண்டும் தவறாமல் இடம்பெறும். மாரிகவுடா சாலைக்கு அந்தத் தடை ஏன் அவ்வளவு அவசியம் என்பதைப் பூப்பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. பிரதான வாயிலைத் தாண்டித் தெற்கே போனால் நிம்ஹான்ஸ், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை என்று வரிசையாக மருத்துவமனைகள்தாம். நகரின் மையப் பகுதியிலிருந்து அங்கே விரையும் ஆம்புலன்ஸ்களுக்கு அதுவே வழி.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் 15. காலை பதினொரு மணி இருக்கும், தூறல் விட்டிருந்தது. ஒரு கார் வாயிலருகே வந்து நின்றது. பின் இருக்கையில் எழுபது வயதைக் கடந்த தம்பதியர். ஓட்டி வந்த மகன் கண்ணாடியை இறக்கி, "சார், எரடே நிமிஷ, அப்பா அம்மாவை இறக்கிவிட்டுப் போய்விடுகிறேன்" என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார். நான் தலையசைத்தேன். அந்த முதியவர் கைத்தடியை ஊன்றி, ஒரு காலைத் தரையில் வைத்து, மறு காலை எடுக்கத் தடுமாறி, மனைவியின் கையைப் பற்றி எழுந்து நிற்பதற்குள் அந்த இரண்டு நிமிடம் ஐந்தாகிவிட்டது. அதற்குள் அவர்களுக்குப் பின்னால் இன்னொரு கார், அதன் பின்னால் குழந்தைகளோடு ஒரு ஆட்டோ, அதன் பின்னால் வெளியூர் வேன் ஒன்று. ஒருவருக்கு அனுமதித்ததை அடுத்தவருக்கு எப்படி மறுப்பது? ஏறக்குறைய பத்து வண்டிகள் இடப்பக்கத்தை அடைத்து நின்றபோதுதான் சைரன் ஒலி கேட்டது.

ஆம்புலன்ஸ் வேறெங்கும் ஒதுங்க வழியில்லை. நடுத்தடுப்பை ஒட்டிப் பேருந்து ஒன்று நின்றது. இடப்பக்கத்தில் நான் நிற்கவைத்த வரிசை. வண்டியின் பக்கக் கண்ணாடி வழியே, ஒரு பெண் சலைன் பாட்டிலைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தது தெரிந்தது. கொக்கியில் மாட்டக்கூட அவருக்கு நேரம் வாய்க்கவில்லை போலும். விசிலை ஊதியபடி ஒவ்வொரு காரின் கூரையையும் தட்டி நகர்த்தி, வேனைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி, ஆம்புலன்ஸ் கடந்து போக ஆறேழு நிமிடங்கள் பிடித்தன. உள்ளே இருந்தவர் என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண்ணின் உயர்ந்த கை மட்டும் ஒவ்வொரு கண்காட்சியின்போதும் நினைவுக்கு வருகிறது.

அந்த முதியவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு வாயிலருகே இறங்க இடம் வேண்டும் என்பதில் மறுபேச்சும் இல்லை. ஆனால் அந்த இடம் முன்கூட்டியே குறிக்கப்பட்டதாகவும், ஓடும் சாலையிலிருந்து கயிறு கட்டிப் பிரிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். வழியில் நிற்பவரின் இரக்கத்தை நம்பி அதை விடக்கூடாது. அன்று நான் காட்டிய இரக்கம் வேறொருவரின் உயிரோடு விளையாடிய இரக்கம். அதன் பிறகு பணிக்குப் போகும் நாளில், இறக்கிவிடுவதற்கான இடம் எது என்று காலையிலேயே காவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இரண்டு வண்டிகளுக்கு மேல் அங்கே சேர்ந்தால், மூன்றாவதை ஒரு சுற்று சுற்றிவரச் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்கு வருவோம். கே.எச். சாலையில் சாந்திநகர் பேருந்து நிலையக் கட்டடத்தின் அடுக்கு நிறுத்தம், மாரிகவுடா சாலையில் ஹாப்காம்ஸ் வளாகம், இருசக்கர வண்டிகளுக்கு அல்-அமீன் கல்லூரி வளாகம், ஜே.சி. சாலையில் மாநகராட்சியின் நிறுத்துமிடம் ஆகியவை வழக்கமாக அறிவிக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் வெளிவரும் காவல்துறை அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. சாந்திநகர் அடுக்கு நிறுத்தத்தில் நான் பார்த்த ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும்: கீழ்த்தளத்தில் இடம் இல்லை என்றதும், மேல்தளம் காலியாக இருக்கும்போதே, பலர் வெளியேறிச் சாலையோரத்தில் இடம் தேடுகிறார்கள். சாய்தளத்தில் ஏறத் தயக்கம். இறங்கி நடக்க வேண்டியிருக்குமே என்ற எண்ணம். அப்படித் தேடி அலையும் வண்டிகள்தாம் நெரிசலில் பெரும்பகுதி. நின்றுவிட்ட கார் யாரையும் மறிப்பதில்லை. இடம் தேடி மூன்றாம் முறை அதே தெருவைச் சுற்றும் கார் எல்லோரையும் மறிக்கிறது.

இன்னொரு கணக்கு. கண்ணாடி மாளிகையில் மலர்களால் அமைக்கப்பட்ட உருவத்தைப் பார்க்கும் வரிசை, குழந்தைகளோடு ஒரு சுற்று, ஐஸ்கிரீம், பாறைமீது ஏறிக் கெம்பேகவுடா கோபுரம் என்று ஒரு குடும்பம் உள்ளே போனால் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து வெளியே வருவதில்லை. அப்படியானால் ஒரு காருக்கான இடம் ஒரு நாளில் மூன்று குடும்பங்களுக்கு, மிஞ்சினால் நான்கு குடும்பங்களுக்குத்தான் பயன்படும். புதிதாக எத்தனை நிறுத்துமிடங்கள் திறந்தாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. ஆகவே "நிறுத்துமிடம் நிரம்பிவிட்டது" என்ற பலகையை நிறுத்துமிடத்தின் வாசலில் வைத்துப் பயனில்லை. அதற்கு இரண்டு சந்திப்புகளுக்கு முன்பே, ஓட்டுநர் வேறு முடிவெடுக்க வழி இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மெட்ரோ பச்சைத் தடத்தின் தென்பகுதி 2017 ஜூனில் திறந்தபின் மேற்கு வாயில் பக்கம் பெரிய மாறுதல் வந்தது. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பும்போது டோக்கன் வரிசை நீண்டு சாலைக்கு வந்துவிடும் என்பதால், விடுமுறை நாட்களில் லால்பாக் நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கும் 30 ரூபாய் என்று ஒரே கட்டணத்தில் காகிதச் சீட்டு வழங்கியதைப் பார்த்திருக்கிறேன். எளிய ஏற்பாடுதான், ஆனால் வரிசை கண்ணெதிரே கரைந்தது.

மறுமொழி – மேட்டுப்பாளையம்

ஐயா, நான் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். நிறுத்துமிடத்துக்கு இரண்டு சந்திப்புகளுக்கு முன்பே பலகை வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நீலகிரியில் அந்தப் பலகை ஏறக்குறைய மலையடிவாரத்துக்கே வந்துவிட்டது.

உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில், குன்னூரிலிருந்து ஊருக்குள் நுழைவதற்கே பாதி நாள் போன காலம் உண்டு. பூங்கா வாயிலில் பயணிகளை இறக்கிவிட்டு, வேனை நிறுத்த இடம் தேடி ஊரின் மறுகோடிக்குப் போய், அவர்கள் திரும்ப அழைக்கும்போது நெரிசலில் சிக்கி வர முடியாமல் தவித்து, மழையில் நனைந்த குழந்தைகளோடு அவர்கள் காத்து நின்றதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிந்து பெற வேண்டிய இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அந்த வாரமே ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள், நாங்கள் பாஸ் எடுக்கவில்லை. வண்டியிலிருந்த பெரியம்மா ஒருவர், "ஏன் தம்பி, நம்ம ஊர் மலைக்குப் போக நாம் ஏன் பாஸ் எடுக்க வேண்டும்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். செல்பேசியிலேயே பதிந்து பாஸ் பெற்று மேலே போனோம். எனக்கும் அப்போது எரிச்சல்தான்.

அந்த ஆண்டு எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்தில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீலகிரிக்கு வரம்பு வந்தது. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எங்கள் தொழிலுக்கு அது அடிதான். அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் சவாரி பேசும்போதே "முதலில் பாஸ், பிறகுதான் முன்பணம்" என்று சொல்லிவிடுகிறேன். மேலே போய்ச் சேர்ந்ததும் பூங்காவுக்கு வேனை எடுக்காமல், ஊருக்குள் ஓடும் சர்க்யூட் பேருந்தில் போய் வரும்படி பயணிகளிடம் சொல்கிறேன். அப்படிப் போனவர்கள் சீக்கிரமே திரும்பி வந்திருக்கிறார்கள்.

மறுமொழி – அண்ணா நகர், சென்னை

நான் அண்ணா நகர் கோபுரப் பூங்காவின் அண்டைவீட்டுக்காரியாக எழுதுகிறேன். 1968-இல் வணிகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட எங்கள் கோபுரம், பல ஆண்டுகள் மூடிக்கிடந்து 2023 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. 135 அடி உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கும் ஆவலில் ஞாயிறு மாலைகளில் கூட்டம் வந்தது. வரட்டும் என்றுதான் மகிழ்ந்தோம். ஒரு ஞாயிறு என் வீட்டு வாசற்கதவை முழுதாக மறித்து ஒரு கார் நின்றது. என் கணவருக்கு மறுநாள் விடியற்காலை அறுவை சிகிச்சை. அன்று இரவுக்குள் மருத்துவமனையில் சேர வேண்டும்.

காரின் எண்ணைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு பூங்காவுக்குள் போனேன். வாயிற்காவலர் என்னோடு கோபுரத்தடிக்கு வந்து, படியிறங்கி வந்த ஒவ்வொரு குழுவிடமும் எண்ணை உரக்கப் படித்தார். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்து ஓர் இளைஞர் பதறி ஓடிவந்தார். "மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி, கேட் மூடியிருந்ததால் யாரும் வெளியே போக மாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தோன்றியது. மூடிய கதவைப் பார்த்தால் வெளியூர்க்காரருக்கு அது சுவரைப் போலத்தான் தெரியும் போலிருக்கிறது.

அடுத்த வாரம் எங்கள் தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து, வாசலுக்கு நேரே "வண்டி வந்துபோகும் வழி" என்று பலகை எழுதி மாட்டினோம். அதன்கீழ் செல்பேசி எண்ணும் எழுதினோம். தவறி நிறுத்துகிறவர்கள் இப்போதும் உண்டு. ஆனால் காரின் முன்கண்ணாடியில் தங்கள் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போகும் பழக்கம் சிலருக்கு வந்திருக்கிறது. ஒரு துண்டுக் காகிதம்தான். அது இருந்தால் நான் அன்று முக்கால் மணி நேரம் கோபுரத்தடியில் நடுங்கி நின்றிருக்க மாட்டேன். தயவுசெய்து எல்லோரும் இதைச் செய்யுங்கள்.

மறுமொழி – ஓசூர்

லால்பாக் பற்றி எழுதிய ஐயாவிடம் ஒரு கேள்வி. என் அம்மாவுக்கு மூட்டுவலி. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படியேற முடியாது. ஆகஸ்டில் அவரை அழைத்து வர ஆசை. சென்ற முறை காரில் வந்து, பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துப்போய், வாயிலைக் கண்ணால் பார்த்தும் நிறுத்த இடமின்றி இரண்டு சுற்று சுற்றிவிட்டு, பூவைப் பார்க்காமலே திரும்பினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை; ஓசூர் வரும்வரை சன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தார். இம்முறை அவரைச் சிரமமின்றி எப்படி அழைத்து வரலாம்?

பதிவைத் தொடங்கியவர்

மூவருக்கும் நன்றி. சகோதரி, உங்கள் முன்கண்ணாடி யோசனையை இனி நான் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு ஓட்டுநரிடமும் சொல்வேன்.

ஓசூர் நண்பரே, இம்முறை காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்துவிட்டது. ஓசூர்ப் பேருந்தில் பொம்மசந்திரா வந்து மெட்ரோ ஏறுங்கள், ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், அடுத்தது லால்பாக். நிலையங்களில் மின்தூக்கி இருப்பதால் அம்மா படியேற வேண்டியதில்லை. நிலையத்திலிருந்து மேற்கு வாயில் பக்கந்தான். அந்தச் சிறு தொலைவும் முடியாதென்றால் ஓர் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு, ஆகஸ்ட் 15 மூன்றையும் தவிர்த்து, ஒரு வார நாளில், காலை திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். பத்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் கண்ணாடி மாளிகையை நிதானமாகச் சுற்றிவரலாம். கிளம்பும் முந்தைய நாள் இங்கே ஒரு வரி எழுதுங்கள். அன்று எனக்குப் பணி இல்லாவிட்டாலும் மேற்கு வாயிலில் வந்து நிற்கிறேன்.