டர்போ மாற்றிய காருக்கு 630 சிசி இன்ஜெக்டர் தேவையா?

மண்டபத்துக்காரன்:
வண்டி 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், நான்கு சிலிண்டர், போர்ட் இன்ஜெக்ஷன். சற்றுப் பெரிய டர்போவும் இன்டர்கூலரும் மாட்டியாகிவிட்டது. இப்போதைக்கு பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், 1 பார். அதை 1.2 பாராக உயர்த்தி 180 எச்.பி. எடுக்க வேண்டும் என்பது எண்ணம். உச்சிப்புளி தாண்டி நேர்ச்சாலையில் மிதித்தால் 4,500 ஆர்.பி.எம். வரை நன்றாக இழுக்கிறது. அதற்கு மேல், 11.7-இல் நிற்க வேண்டிய காற்று–எரிபொருள் விகிதம் 13.4-க்கு ஏறிவிடுகிறது, அதாவது எரிபொருள் போதவில்லை. உடனே காலை எடுத்துவிடுகிறேன். எஞ்சின் கணினியின் பதிவில் இன்ஜெக்டர் டியூட்டி, அதாவது இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு, 93 சதவீதம். மதுரையில் ஒருவர் பழைய 630 சிசி இன்ஜெக்டர் செட் (ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 630 சிசி பெட்ரோல் தெளிக்கும்) தருகிறேன் என்கிறார். ‘பெரிதாகவே போடுங்கள், பின்னால் உதவும்’ என்பது அவர் வாதம். வாங்கலாமா?

தொண்டி வாசி:
தம்பி, வாங்குவதற்கு முன் இருக்கிற இன்ஜெக்டர்களைக் கழற்றி, விசைப்படகு நாசில் பார்க்கிற பம்ப் கடையில் கொடுத்துப் பாருங்கள். அடைப்பாக இருக்கலாம்.

கீழக்கரைக் காக்கா:
அந்தக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். படகு டீசல் நாசில் திறப்பதே நூறு பாருக்கு மேல். நம் பெட்ரோல் இன்ஜெக்டர் வேலை செய்வது மூன்று, நான்கு பாரில். பெட்ரோல் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, அளந்து தருகிற இயந்திரம் தனி.

இனி கணக்கு. டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு எச்.பி.க்கு மணிக்கு சுமார் 0.6 பவுண்டு எரிபொருள் குடிக்கும். 180 எச்.பி.க்கு 108 பவுண்டு. நான்காக வகுத்தால் 27. டியூட்டி 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தால் 33.75 பவுண்டு. மணிக்கு ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய நிமிடத்துக்கு 10.5 சிசி, ஆக 354 சிசி. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் எட்டு சதவீதம் கூட்டுங்கள், 382 சிசி. இதெல்லாம் 3 பார் அழுத்தத்தில்.

ஒரு கேள்வி: இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் பிரித்துத் தரும் ரெயிலுக்கு ஒரே குழாய்தான் வருகிறதா, திரும்பிப் போகும் குழாயும் இருக்கிறதா?

மண்டபத்துக்காரன்:
ஒன்றுதான், காக்கா. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டேங்குக்குள் இருக்கிறது. அழுத்தம் 3.5 பார்.

கீழக்கரைக் காக்கா:
அப்படியானால் விஷயம் இங்கேதான். திரும்பு குழாயும் பூஸ்ட் ஹோஸும் உள்ள ரெகுலேட்டர் என்றால், பூஸ்ட் ஏற ஏற எரிபொருள் அழுத்தமும் கூடவே ஏறும். உங்கள் வண்டியில் ஏறாது. எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் 1.2 பார் எதிர்த்துத் தள்ளும்போது இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.3 பார்தான். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 2.3-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.876. எனவே 382 சிசி வேண்டுமென்றால் பெட்டியில் 436 சிசி என்று எழுதியிருக்க வேண்டும். சந்தையில் கிடைப்பது 440. அதுவே போதும்.

பெரிது போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல தரவோடு வரும் புது 630 செட் ஐடிலில் அமைதியாகவே நிற்கும். பழைய செட்டில் அந்தத் தரவு இருக்காது. ஐடிலில் திறப்பு நேரமே மிகக் குறுகிவிடும். அதில் பெரும்பங்கு ஊசி எழுவதற்கே போய்விடும். நாலும் நாலு விதமாகத் தெளித்தால் சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறும்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் முழுச் சுமையில் ரெயில் அழுத்தத்தையும் பம்ப் முனையில் வோல்ட்டையும் அளந்துவிடுங்கள். மண்டபத்து உப்புக்காற்றில் பம்ப் எர்த் முனை பச்சைக் களிம்பு பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். சோதனையைப் பாம்பன் பாலத்தில் மட்டும் செய்யாதீர்கள். ரயில் வருகிறது என்றால் பாதிக் கூட்டம் வண்டியை நிறுத்திவிட்டு நடுச்சாலையில் நிற்கும். வண்டியை நிறுத்திய இடத்திலேயே முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்கும் டைனோ கிடைத்தால் அதுவே நல்லது.

மண்டபத்துக்காரன்:
டைனோவில் வைத்துப் பார்த்தாயிற்று. ஐடிலில் 3.5 பார், 1 பார் பூஸ்டில் முழுச் சுமை வந்ததும் 2.9-க்கு விழுந்தது. பேட்டரியில் 13.9 வோல்ட், பம்பில் 11.1. எர்த் முனை நீங்கள் சொன்னது போலவேதான். சுரண்டிச் சுத்தம் செய்து, புது ஒயர் முனை (லக்) போட்டு, ரிலேயையும் மாற்றினேன். இப்போது அழுத்தம் 3.5-இல் நிற்கிறது, விகிதம் 11.7. டியூட்டி மட்டும் இன்னும் 93.

கீழக்கரைக் காக்கா:
கணக்கு பொருந்துகிறது. 2.9-இல் மிஞ்சியது 1.9 பார், இப்போது 2.5. பாய்வு 15 சதவீதம் கூடியிருக்கிறது, 13.4 அப்படித்தான் 11.7 ஆயிற்று. 93 என்பது எஞ்சின் கணினியான ஈ.சி.யூ.வில் ஏற்றிய அட்டவணை (மேப்) கேட்கும் திறப்பு நேரம், அது தானாகக் குறையாது. 1.2 பாருக்குப் போக 440 வேண்டும்.

தொண்டி வாசி:
பம்பும் மாற்ற வேண்டியிருக்குமா?

கீழக்கரைக் காக்கா:
440 போட்டு 1.2 பாரில் மறுபடி அழுத்தம் பாருங்கள். 3.5 அசையாவிட்டால் பழைய பம்பே இருக்கட்டும்.

வாங்கும்போது மின்தடை 12 ஓம் அளவில் இருக்கிற வகையைக் கேளுங்கள். இரண்டு, மூன்று ஓம் வகையை உங்கள் ஈ.சி.யூ.வின் டிரைவர் தாங்காது. ஒவ்வொரு வோல்ட்டுக்கும் திறப்புத் தாமதம் எவ்வளவு என்ற அட்டவணையை விற்பவர் தர வேண்டும். தரவில்லையென்றால் அந்த செட் வேண்டாம். மேப்பில் புது அளவையும் அந்தத் தாமதத்தையும் ஏற்றிய பிறகுதான் பூஸ்டைத் தொட வேண்டும். ஓ-ரிங் அனைத்தும் புதிதாகப் போட்டு, மாட்டும்போது துளி எஞ்சின் ஆயில் தடவுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ஆன் செய்து, ரெயிலில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.