தொலைக்காட்சி இல்லாத வீட்டுக்கு மாமி வருகிறார், யோசனை சொல்லுங்கள்

உறவுகளே, வணக்கம். நாங்கள் கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்கால் பக்கம் இருக்கிறோம். மூன்று வருடங்களாக வீட்டில் தொலைக்காட்சி இல்லை. பழுதானதைத் திருத்தாமல் விட்டோம். பிறகு அதுவே எங்கள் முடிவாகிவிட்டது. பின்னேரமானால் மூத்தவள் கிளித்தட்டு விளையாட ஓடுகிறாள். சின்னவனுக்கு மூன்று வயது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. எங்களுக்கு அந்த ஒரு மணித்தியாலமும் தேவைப்படவில்லை.

அடுத்த மாதம் முல்லைத்தீவிலிருந்து மாமி எங்களோடு வந்து தங்கப்போகிறார். மாமா காலமான பிறகு அவருக்குத் துணை இரவுத் தொடர்கள்தான். அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தனைக்கும் மாமி நல்ல கதைகாரி. 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லாத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டதை அவர் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் சோற்றையே மறந்துவிடுவார்கள். கோவலன் கூத்துப் பாட்டுகளும் அவருக்குத் தெரியும், கேட்டால்தான் பாடுவார்.

இந்த நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? பெரியவரின் அறையில் மட்டும் ஒன்று வைத்தீர்களா? வைத்தால் பிள்ளைகளும் அங்கேயே போய்க் குந்திவிடுவார்களோ என்பதுதான் என் பயம். மாமியின் வயதுப் பெண்கள் பின்னேரங்களில் கூடிக் கதைக்கும் இடம், கூத்துப் பழக்கும் இடம் கிளிநொச்சிப் பக்கம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பஸ்ஸில் நானே கூட்டிக்கொண்டு போவேன்.