உதவி: செப்புப் பொயிலர் விளிம்பால நீராவி கசியுது, திருப்பி ஈயம் விடலாமோ?

புகைக்கூண்டு (யாழ்ப்பாணம்)
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில சின்ன நீராவி எஞ்சின் ஒண்டு செய்து வைச்சிருக்கிறன். ஆடும் சிலிண்டர் வகை, துளை 12 மி.மீ. சைக்கிள் பம்பால காத்து விட்டா வடிவா ஓடுது. பிரச்சினை பொயிலர்தான்.

பழைய இரும்புக் கடையில எடுத்த செப்புக் குழாய்: வெளி விட்டம் 54 மி.மீ, தடிப்பு 1.2, நீளம் 150. ரெண்டு பக்கமும் 2 மி.மீ செப்புத் தகட்டை வட்டமா வெட்டி, ரேடியோ திருத்திறவை பாவிக்கிற 60/40 ஈயத்தால ஒட்டினது. மேல மூண்டு பித்தளைப் புஷ் (துவாரத்தில ஒட்டுற தடிச்ச வளையம்): தண்ணி விட, நீராவி எடுக்க, கேஜ் போட. கீழ ஸ்பிரிட் விளக்கு.

அமுக்கம் காட்டுற கேஜ் 25 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல்) தாண்டினவுடன ஒரு பக்க விளிம்பால உஸ்ஸெண்டு சத்தம் வருது. ஆறினாப் பிறகு பாத்தா ஈயத்தில முடி போல ஒரு வெடிப்பு. அந்தத் தகட்டின்ர நடுவும் வெளியால கொஞ்சம் புடைச்சிருக்கு. அடிமட்டம் வைச்சுப் பாத்தால்தான் தெரியும். 45 வரைக்கும் போகலாம் எண்டு நினைச்சிருந்தன். அதில இன்னும் ஈயம் விட்டா நிண்டிடுமோ? இல்லாட்டி மேலால அரல்டைட் பூசவோ? சேஃப்டி வால்வு இன்னும் போடேல்லை. குக்கர் விசிலைப் பூட்டலாமோ எண்டும் ஒரு யோசனை.

சும்மா வந்தவன்
அரல்டைட்டே காணும். எங்கட வீட்டுத் தண்ணித் தாங்கி ஓட்டை அதால அடைச்சு எத்தினையோ வருசமா ஒழுகாமல் நிக்குது.

லேத்துப்பட்டறை (பருத்தித்துறை)
தண்ணித் தாங்கியில நீராவி இல்லை, தம்பி. அந்தப் பேச்சை விடுங்கோ.

புகைக்கூண்டு, வால்வு போடும் வரைக்கும் விளக்குக் கொளுத்தாதேங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்.

குழாய்ச் சுவர் நல்லாத் தாங்கும். 45 பிஎஸ்ஐக்கு அதில வாற இழுவை ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 7 நியூட்டன் அளவுதான். சூடாக்கி மென்மையாக்கின செம்பே 200 தாங்கும். ஆனால் தட்டையான தகட்டின்ர கதை வேறை. உள்விட்டம் 51.6 எண்டு வைச்சால் அதே 45 பிஎஸ்ஐயில ஒவ்வொரு தகட்டையும் 65 கிலோவுக்கு மேல வெளியால தள்ளும். ஒரு வளந்த ஆள் தகட்டில ஏறி நிக்கிற மாதிரி. அதால நடு புடைக்குது, புடைக்கேக்க விளிம்பு நெம்புது, ஈயம் கிழியுது. உங்கட வெடிப்பு இப்பிடித்தான் வந்திருக்கு.

ஈயத்தின்ர நிலைமையையும் பாருங்கோ. 45 பிஎஸ்ஐயில நீராவி 145 பாகை செல்சியஸ் கிட்ட. 60/40 ஈயம் 183இல உருகத் தொடங்கும். உருக முன்னமே இளகிப் பலம் போயிடும். தண்ணி வத்தி விளக்கு மட்டும் எரிஞ்சுகொண்டு இருந்தா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. பழைய விளையாட்டு எஞ்சின்களில ஈயப்பத்து இருந்தது உண்மைதான், ஆனால் அதுகள் ஓடினது குறைஞ்ச அமுக்கத்தில.

நான் எண்டால் ரெண்டு தகட்டையும் கழட்டிடுவன். புதுத் தகட்டைப் பழுக்கச் சூடாக்கி, தண்ணியில தோய்ச்சு மென்மையாக்கி, ஒரு இரும்பு வில்லையில வைச்சு விளிம்பை 7, 8 மி.மீ மடிச்சுத் தட்டுங்கோ. கிண்ண மூடி போல வரும். நடுவால 6 மி.மீ வெண்கலக் கம்பி ஒண்டை ரெண்டு தகட்டையும் பிடிச்சு விடுங்கோ. எல்லாத்தையும் வெள்ளிப்பத்தால (வெள்ளி கலந்த கம்பியை உருக்கி விடுற ஒட்டு) ஒட்டுங்கோ. பித்தளைப் புஷ்ஷுக்குப் பதிலாவும் வெண்கலம்தான் நல்லம். சூட்டுத் தண்ணியில நாள்ப்படப் பித்தளையில இருக்கிற நாகம் (சிங்க்) கரைஞ்சு, மிச்சம் பஞ்சு மாதிரிப் பொருபொருத்துப் போகும்.

ஊதுகுழல் (கன்னாதிட்டி)
நாங்கள் பரம்பரையா நகை வேலை. வெள்ளிப்பத்து எண்டவுடன எட்டிப் பாத்தன்.

முதல் விசயம்: பழைய ஈயம் ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. சூடாக்கித் துணியால துடைச்சிட்டு, மிச்சத்தை அரத்தால ராவி எடுங்கோ. ஈயம் கிடக்கிற இடத்தில வெள்ளி பிடிக்காது, சூட்டில அது செம்பையும் அரிச்சுப்போடும்.

ஒட்டேக்க செம்பு கறுக்காமல் இருக்க எங்கட பட்டறையில பூசிற வெங்காரம் இதுக்குச் சரிவராது. நீர் போன வெங்காரம் 740 பாகைக்கு மேலதான் உருகும். நூத்துக்கு 55 பங்கு வெள்ளி உள்ள கம்பியோ 630க்கும் 660க்கும் இடையில ஓடிடும். வெங்காரம் இளக முன்னமே செம்பு கறுத்திடும். வெங்காரத்துக்குப் பதிலா அந்தக் கம்பிக்கெண்டு புளோரைட் கலந்த பசை (ஃப்ளக்ஸ்) விக்கிறாங்கள், அதை வாங்குங்கோ. பழைய கம்பி ஆரும் தந்தா கட்மியம் இல்லாததோ எண்டு கேளுங்கோ. கட்மியப் புகை நஞ்சு.

சின்னக் கான் ரொர்ச் இவ்வளவு செம்புக்குக் காணாது. எங்க காட்டினாலும் சூட்டைச் செம்பு இழுத்துக்கொண்டு ஓடிடும். பெரிய காஸ் பேர்ணர் வேணும். சுத்திவர நெருப்புக்கல்லு அடுக்கி, இடைவெளிக்குள்ள சிரட்டைக்கரி போடுங்கோ. பின்னேரம் நிழலில செய்யுங்கோ, வெயிலில மங்கல் சிவப்புக் கண்ணுக்குத் தெரியாது. சுவாலையைக் கம்பியில காட்டாமல் செம்பில காட்டுங்கோ. செம்பு சரியான சூட்டுக்கு வந்தா, தொட்டவுடன கம்பி தானா இடுக்குக்குள்ள ஓடும். இடுக்கு 0.1 மி.மீ அளவில இருந்தா நல்லம்.

ஆறினாப் பிறகு கறுப்பும் பசையும் போக, சிற்றிக் அசிட் கரைச்ச இளஞ்சூட்டுத் தண்ணியில ஊறவிடுங்கோ. அவசரம் இல்லாட்டிப் பழப்புளியும் உப்பும் செய்யும், குத்துவிளக்கு மினுக்கிற அதே வேலைதான்.

குளிர்க்காரன்
ஏசி பைப் ஒட்டுற பொஸ்பரஸ் கம்பி என்னட்டக் கிடக்கு. செம்போட செம்புக்குப் பசையே தேவையில்லை. அது ஓடாதோ?

லேத்துப்பட்டறை (பருத்தித்துறை)
செம்போட செம்புக்கு ஓடும். வெண்கலப் புஷ்ஷுக்குப் பசை தேவை, இரும்பில வைச்சா நொறுங்கும். கந்தகமுள்ள நிலக்கரி நெருப்பில அந்த ஒட்டு அரிபடும். ஸ்பிரிட் விளக்கு எண்டபடியா உடனே கெடாது, எண்டாலும் புதுசா செய்யேக்க நான் வெள்ளிக்கம்பிதான் எடுப்பன்.

புகைக்கூண்டு (யாழ்ப்பாணம்)
நன்றி அண்ணைமார். கழட்டிட்டன். புதுசா ஒட்டினாப் பிறகு சோதிக்கிறதுக்கு சைக்கிள் பம்பால காத்தடிச்சுச் சவுக்காரத் தண்ணி பூசினாக் காணுமோ?

லேத்துப்பட்டறை (பருத்தித்துறை)
காத்து வேண்டவே வேண்டாம். அமுங்கின காத்து ஒட்டு விட்டவுடன விரிஞ்சு தகட்டை எறியும். தண்ணி அமுங்காது, ஒட்டு விட்டா ஒரு சொட்டு வந்து கேஜ் இறங்கிடும், அவ்வளவுதான். பொயிலருக்குள்ள ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணி நிரப்பி, கழுவின கிறீஸ் கன்னில தண்ணி விட்டு மெதுவா அமத்துங்கோ. ஓட்டப் போற அமுக்கத்தைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் ஏத்திக் கால் மணித்தியாலம் விட்டுப் பாருங்கோ. கேஜ் அசையக் கூடாது, தகடு புடைக்கக் கூடாது.

இன்னொண்டு: உங்கட எஞ்சினுக்கு 45 எதுக்கு? ஆடும் சிலிண்டர் ஸ்பிரிங்காலதான் நீராவித் துவாரமுள்ள முகத்தோட ஒட்டி நிக்குது, அமுக்கம் கூடினா அந்த முகத்தாலயே நீராவி ஓடிடும். 30 தாராளம். வால்வை 30இல திறக்கிற மாதிரி வையுங்கோ. ஸ்பிரிங்கும் குண்டும் துருப்பிடிக்காத உருக்கா இருக்க வேணும். குக்கர் விசில் 15இலயே தூக்கிடும், எஞ்சின் அதிர்ச்சிக்குத் துள்ளும். ஒண்டும் இல்லாததுக்கு அது நல்லம், ஆனால் சரியான வால்வு இல்லை.

தோட்டக்கிணறு (இணுவில்)
கிணத்துத் தண்ணி விடாதேங்கோ. எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணி கேத்திலையே வெள்ளையாக்குது, பொயிலருக்குள்ள படிஞ்சா சுரண்டவும் ஏலாது. மழைத்தண்ணியை வடிச்சு விடுங்கோ, இல்லாட்டிப் பற்றறிக்கு விடுற தண்ணி. முக்கால்வாசிக்கு மேல நிரப்பினா எஞ்சினுக்குள்ள தண்ணியே போகும்.

புகைக்கூண்டு (யாழ்ப்பாணம்)
60 பிஎஸ்ஐ வரைக்கும் தண்ணியால அமத்திப் பாத்தன். ரெண்டு தகடும் அசையேல்லை, அடிமட்டத்தில வெளிச்சமே தெரியேல்லை. ஆனால் கேஜ் புஷ்ஷின்ர அடியில மட்டும் ஊசிமுனை அளவு ஈரம். துடைச்சா திரும்பியும் வருது. அந்த இடத்தில மட்டும் சின்ன ரொர்ச் காட்டவோ?

ஊதுகுழல் (கன்னாதிட்டி)
சின்ன ரொர்ச் வேண்டாம். அதில பசை ஓடாமல் நிண்டிருக்கும், இல்லாட்டிக் கறுப்புப் படிஞ்சிருக்கும். தண்ணியை முழுக்க வடிச்சு, கேஜையும் வால்வையும் கழட்டி, எல்லாத் துவாரமும் திறந்து கிடக்கோ எண்டு பாருங்கோ. மூடின பொயிலரைச் சூடாக்கப்படாது. திரும்ப அசிட்டில போட்டு, கம்பித் தூரிகையால தேச்சு, புதுப் பசை வைச்சு முழுப் பொயிலரையும் ஒரே சீராச் சூடாக்குங்கோ. கடைசியா அந்தப் புஷ்ஷில மட்டும் சுவாலையைக் கொஞ்சம் கூட்டி ஒரு சின்னத் துண்டுக் கம்பி விடுங்கோ. பிறகு 60 பிஎஸ்ஐ தண்ணிச் சோதனையை முதல்ல இருந்து செய்யுங்கோ.